கொரோனா ஆண்களை ஏன் கூடுதலாகக் கொன்றது?

திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் வலை பொத்துகிறவர்களிடம் இன்றும் ஒரு நம்பிக்கை உண்டு: கடலில் உரமேறிய ஆணுக்குக் காய்ச்சலும் தடிமனும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். கொவிட்-19 அந்த நம்பிக்கையை மதிக்கவில்லை. உலகெங்கும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளரின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2020 டிசெம்பரில் வெளியானது. தொற்றியவர்களில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்போ ஆண்களுக்கு ஏறக்குறைய 3 மடங்கு; இறக்கும் வாய்ப்பு 1.4 மடங்கு.

பழியைப் பீடியின்மேல் போடுவது சுலபம். அதில் உண்மையும் இருக்கிறது; இலங்கையில் புகைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். ஒருநாள் தொழிலுக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை என்பதால், மூச்சு முட்டும்வரை வைத்தியசாலைப் பக்கம் தலைவைக்காத பழக்கம் வேறு. ஆனால் பழக்கம் மட்டும் இவ்வளவையும் செய்துவிடாது.

வைரஸ் புகுந்த கலம் இன்டர்பெரோன் என்ற புரதத்தை வெளிவிடுகிறது. கடல் மாறுகிறது என்று முதல் வள்ளத்துக்காரர் குரல் கொடுத்ததும் மற்ற வள்ளங்கள் கரை திரும்புவதுபோல, பக்கத்துக் கலங்கள் உடனே வைரஸ் பெருக வழியில்லாதபடி தங்களைத் தயார்ப்படுத்துகின்றன. இது தொடக்கத்திலேயே நடக்க வேண்டும். பிந்தினால் வைரஸ் சுவாசப்பையில் பரவிவிடும். அதற்குப் பின் ஆவேசமாக எழும் நிர்ப்பீடனம் சுவாசப்பையையே அழற்சியால் பழுதாக்கும்.

இன்டர்பெரோனைத் தூண்டும் உணரிகளில் ஒன்று டிஎல்ஆர்-7. அதன் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்று. பெண்ணின் கலங்களில் ஓர் எக்ஸ் அடக்கிவைக்கப்படுவதுதான் வழமை. இந்தப் பரம்பரையலகு மட்டும் சில நிர்ப்பீடனக் கலங்களில் அடங்க மறுத்து இரண்டு எக்ஸிலும் இயங்குகிறது. ஆணிடம் இருக்கும் ஒன்று பழுதானால் மாற்று இல்லை. 2020இல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த 4 இளைஞர்கள், பெரிய நோய் எதுவும் இல்லாதவர்கள், செயற்கைச் சுவாசம்வரை போனார்கள், ஒருவர் இறந்தார். நால்வரிடமும் பழுதாகியிருந்தது இதே பரம்பரையலகு.

அதே ஆண்டில் இன்னொரு வியப்பு. உயிராபத்தான நிலையிலிருந்த 987 நோயாளரைச் சோதித்தபோது, 101 பேரின் இரத்தத்தில் இன்டர்பெரோனையே முடக்கும் பிறபொருளெதிரிகள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். உடல் தன்னைத்தானே தாக்கும் நோய்கள் பொதுவாகப் பெண்களைத்தான் தேடிப் போகும். இங்கே எல்லாம் தலைகீழ்.

ஓமோன்களுக்கும் பங்குண்டு, ஆனால் அங்கே சான்றுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. பெண்களுக்கு இதனால் விதிவிலக்கு ஒன்றும் கிடைத்துவிடவில்லை. கர்ப்பிணிகளுக்கு நோய் தீவிரமாகும் ஆபத்து கூடுதல். மாதக்கணக்கில் நீடிக்கும் கொவிட் களைப்பும் பெண்களிடமே அதிகம். ஆண் பெண் வேறுபாட்டைவிட வயது பெரியது: 70 வயதுப் பெண்ணுக்கு இருந்த ஆபத்து, 30 வயது ஆணுக்கு இருந்ததைவிடப் பன்மடங்கு.