இலையுதிரா ஓக் அல்ல, பசுமைமாறா ஓக்

எவர்கிரீன் ஓக் என்ற மர வகையைத் தமிழில் ‘இலையுதிரா ஓக்’ என்று மொழிபெயர்த்திருப்பதை இன்னொரு முறை படித்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வேர்ச்சொல். ஓக் என்பது பழைய ஆங்கிலத்தின் ‘ஆக்’கிலிருந்து வந்தது. தாவரவியல் பெயரான குவெர்கஸ், லத்தீனில் அந்த மரத்துக்கே இருந்த பெயர். நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. குளிர்காலத்தில் மொட்டையாகிற ஓக்குகளும் இருக்கின்றன, பச்சையாகவே நிற்கிறவையும் இருக்கின்றன.

சரி, சிக்கலுக்கு வருவோம். ‘உதிரா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நேற்றும் உதிரவில்லை, இன்றும் உதிர்வதில்லை, நாளையும் உதிராது என்று மூன்று காலத்துக்கும் சேர்த்து அடித்துச் சொல்கிற வடிவம் அது. ஆனால் இந்த மரங்கள் இலை உதிர்க்கின்றனவே! மத்தியதரைக்கடல் பகுதியின் ஹோல்ம் ஓக்கில் இலை ஓராண்டுக்கு மேல் தங்கும், அப்புறம் விழும். அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் லைவ் ஓக், வசந்தத்தில் பழைய இலையைக் கொட்டுகிற அதே வாரங்களில் புது இலை விட்டுவிடுவதால் கிளை வெறுமையாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இமயமலையின் பாஞ்ச் ஓக்கும் பசுமை மாறாததுதான், அதன் அடியிலும் சருகு மெத்தை கிடக்கும். மாறாமல் இருப்பது மரத்தின் பசுமை. இலை மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

இத்தனைக்கும் ‘பசுமைமாறாக் காடுகள்’ என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்தவர்கள் நாம். காட்டுக்குப் பொருந்திய சொல் மரத்துக்குப் பொருந்தாதா? இருக்கிற நல்ல சொல்லை விட்டுவிட்டுப் பிழையான ஒன்றைப் புதிதாகச் செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிட மோசம் ‘உயிருள்ள ஓக்’. லைவ் ஓக் என்பதை அகராதியில் சொல் சொல்லாகத் தேடினால் இப்படித்தான் வரும். மற்ற மரங்கள் பட்டுப்போனவை போல நிற்கிற குளிர்காலத்தில் இது மட்டும் உயிர்ப்போடு தெரிவதால் வந்த பெயர் அது. மொழிபெயர்ப்பவர் அந்த மரத்தின் படத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்: தடித்து, தோல் போல விறைத்த, மேலே மெழுகுப் பூச்சுள்ள இலைகள் (நீரிழப்பைக் குறைக்க), அகலப் படர்ந்த கிளைகள், சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்த கொட்டை. ஹோல்ம் ஓக்கின் தாவரவியல் பெயரான ‘குவெர்கஸ் இலெக்ஸ்’ஸில் வரும் இலெக்ஸ் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். லத்தீனில் அது ஹோல்ம் ஓக்கின் பெயர், தாவரவியலிலோ ஹாலி என்ற வேறொரு மரப் பேரினத்தின் பெயர்.

ஓக்குக்குப் பழைய தமிழ் விவிலியத்தில் ‘கர்வாலி’ என்று இருக்கிறது, இப்போது ‘கருவாலி’ என்றும் எழுதுகிறார்கள். தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்பவர்கள் ‘பசுமைமாறாக் கருவாலி’ எனலாம், க் மிகும். எனக்கு ‘பசுமைமாறா ஓக்’ போதும், படிப்பவருக்கு உடனே மரம் தெரிகிறது. ஆனால் அமெரிக்க மரத்தைத் தனியாகக் குறிக்கும்போது ‘லைவ் ஓக்’ என்றே எழுதிவிடுங்கள். பசுமைமாறா ஓக் என்றால் ஹோல்ம் ஓக், தக்கை ஓக் எல்லாம் அதில் அடங்கிவிடும்.