எடையைக் காரணம் காட்டி மறுத்தாலும் கல்லீரல் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு, கடிதம் எழுதுவது. வி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் வெட்டரன்ஸ் அஃபயர்ஸ் துறையிடம் உடல் பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும்போது, இந்த நோய்க்கும் ராணுவ சேவைக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு மருத்துவர் எழுதித் தந்தால் பெரிய பலம். அதை நெக்ஸஸ் லெட்டர் என்பார்கள். இப்போதெல்லாம் ஃபேட்டி லிவருக்கான மறுப்புக் கடிதத்தோடு நிறையப் பேர் வருகிறார்கள். கல்லீரலில் கொழுப்பு படிந்ததற்கு உடல் பருமன்தான் காரணம், பருமன் சேவையால் வந்த நோய் அல்ல என்று அதில் இருக்கும். "எடை போட்டது நான்தானே, விடுங்க டாக்டர்" என்று பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களையும் தேவையான மொழித் திறனுக்காகப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தில், அமெரிக்க ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களும், இங்கேயே வளர்ந்து படைக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

பருமனுக்கென்று தனியாக இழப்பீடு கிடையாது என்பது உண்மைதான். 2017 ஜனவரியில் வி.ஏ.வின் தலைமைச் சட்ட ஆலோசகர் தந்த கருத்துரை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே கருத்துரையில் ஒரு வழியும் இருக்கிறது. சேவையால் வந்தது என்று ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு பாதிப்பு எடையைக் கூட்டி, அந்த எடை இன்னொரு நோயைக் கொண்டுவந்திருந்தால், பருமனை இடைப்படியாக வைத்து அந்த நோய்க்கு இழப்பீடு கேட்கலாம். 2020-ல் வால்ஷ் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. பாதிப்பால்தான் எடை வந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே இருந்த பருமனை அது மோசமாக்கியிருந்தாலும் இந்த வழியில் கேட்கலாம்.

அப்படியென்றால் கடிதம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சேவையால் வந்த பாதிப்பு எடையைக் கூட்டியதா? அந்த எடை கல்லீரல் நோய்க்குக் கணிசமான காரணமா? அந்த எடை ஏறாமல் இருந்திருந்தால் இந்த நோய் வந்திருக்காதா? என் கைக்கு வரும் பழைய கடிதங்களில் பெரும்பாலானவை "தொடர்பு இருக்கலாம்" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். அந்த "இருக்கலாம்" எதற்கும் உதவாது. தொடர்பு இருப்பதற்கு குறைந்தது 50 சதவீத வாய்ப்பு உண்டு என்று எழுத வேண்டும், ஏன் என்பதையும் எழுத வேண்டும். சாதகமும் பாதகமும் சமமாக இருந்தால் வீரருக்குச் சாதகமாகவே முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம்.

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாராசூட்டில் குதித்துக் குதித்து முழங்கால் போனவர், அதிர்ச்சி அனுபவங்களுக்குப் பின் வரும் மனநோயான பி.டி.எஸ்.டி.யும் உண்டு. இரண்டையும் வி.ஏ. ஏற்றுக்கொண்டிருந்தது. படையை விட்டு வரும்போது 176 பவுண்டு. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஓட்டம் நின்றது, 200-ஐத் தாண்டினார். அப்புறம் பி.டி.எஸ்.டி.யால் கெட்ட தூக்கத்துக்காக மிர்டாசபின் என்ற மனநல மாத்திரையை ஆரம்பித்தார்கள். அடுத்த கோடைக்குள் 238. வி.ஏ. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் எடை பார்த்துக் குறித்திருந்தார்கள். அந்த எண்களைத் தேதிவாரியாக எழுதி, பக்கத்தில் அறுவையின் தேதி, மாத்திரை தொடங்கிய தேதி, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏ.எல்.டி. ஏறத் தொடங்கிய தேதி, அல்ட்ராசவுண்டில் கொழுப்பு தெரிந்த தேதி என்று வரிசையாகப் போட்டேன். கடிதத்தில் கனமான பகுதி அந்த ஒரு பக்கம்தான். மிர்டாசபின், க்வெட்டியாபின், ஒலான்சபின் போன்ற மனநல மருந்துகள் எடையைக் கூட்டும் என்பது மருத்துவத்தில் சர்ச்சையே இல்லாத விஷயம். ஆனாலும் அதை எழுதிக் காட்டாவிட்டால் கோரிக்கையை ஆராயும் வி.ஏ. பரிசோதகர் தானாக யோசித்துச் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

மது பற்றி மறைக்க வேண்டாம். பழைய குறிப்பில் எங்கேயோ "வாரக்கடைசியில் பீர்" என்று இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் மதுவின் தலையில் போட்டுவிடுவார்கள். எவ்வளவு, எப்போது என்று நேராகச் சொன்னால் என்னாலும் நேராக எழுத முடியும்.

வியட்நாமில் பணியாற்றி டைப் 2 சர்க்கரை வந்தவர்களுக்கு வழி இன்னும் சுலபம். அந்தப் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி காரணமாக அந்தச் சர்க்கரை நோய் சேவையால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. சர்க்கரையால் ஃபேட்டி லிவர் என்று நேரடியாகவே கேட்கலாம், பருமனை நடுவில் கொண்டுவரத் தேவையில்லை.

பாதிப்பின் அளவுக்கு வி.ஏ. தரும் சதவீதமான ரேட்டிங் 0 என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். 2024 மே 19 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அறிகுறி இல்லாத கல்லீரல் நோய்க்கு 0 சதவீதம்தான். ஆனால் சேவைத் தொடர்பு பதிவாகிவிடுகிறது. நாளைக்கு கல்லீரல் முற்றிலும் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் ஆனால் முதலிலிருந்து வாதாட வேண்டியதில்லை, ரேட்டிங்கைக் கூட்டக் கேட்டால் போதும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இன்னொன்று. எடை குறைந்தால் கேஸ் பலவீனமாகிவிடுமோ என்று சிலர் குறைக்கவே பயப்படுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எடை ஏறிய வரலாறு உங்கள் ஃபைலில் இருக்கிறது, அது எங்கேயும் போகாது. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கம் அடங்கும், தழும்புகூடப் பலருக்குப் பின்வாங்கும். வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட் நான்கையும் வைத்துக் கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 எண்ணை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். 1.3-க்கு மேல் என்றால் தழும்பை அளக்கும் ஸ்கேனான ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று பேச வேண்டும். நடுத்தரத் தழும்பு வரை போனவர்களுக்கு 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம், 2025 ஆகஸ்டில் செமாக்ளுடைடு என்று இரண்டு மருந்துகள் அனுமதி பெற்றிருக்கின்றன.

மறுப்புக் கடிதம் கையில் இருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் புதிய கடிதத்தை இணைத்து சப்ளிமென்டல் க்ளெய்ம் (புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கும் விண்ணப்பம்) போட்டு அது ஏற்கப்பட்டால், பழைய விண்ணப்பத் தேதியிலிருந்தே பணம் கணக்காகும். வருடம் தாண்டினாலும் போடலாம், ஆனால் பொதுவாகப் புதிய தேதியிலிருந்துதான் கணக்கு. படிவம் நிரப்ப அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாக உதவுவார்கள். முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தர ஒருவர் காசு கேட்டால் அவரிடம் போகாதீர்கள்.