மௌஸ் ஆடுது, ஆள் சீட்ல இல்ல

ஆபீஸ் லேப்டாப்பெல்லாம் பாத்துக்குற ஐடி டீம்ல இருக்கேன், அதனால இத அடிக்கடி பாக்குறேன். ஆபீஸ் சாட்டுக்கு வச்சிருக்குற மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்ல அஞ்சு நிமிஷம் கை வைக்கலன்னா, ஆள் இருக்காருன்னு காட்டுற பச்சை மஞ்சளாயிடும், அதுக்கு பயந்துகிட்டு பைத்தான்ல மௌஸையும் கீபோர்டையும் தானா இயக்குற பைஆட்டோஜியுஐ லைப்ரரிய போட்டு, ராண்டமா ஒரு இடம் எடு, கர்சர அங்க நகத்து, ராண்டமா கொஞ்ச செகண்ட் சும்மா இரு, மறுபடி நகத்துன்னு பத்து வரில ஒரு ஸ்கிரிப்ட் ஓட விட்டுட்டு போயிடுறாங்க.

ராண்டமா போனா மாட்டமாட்டோம்னு ஒரு நெனப்பு. மனுஷன் கை எங்கங்க ராண்டமா போகுது? ஒரு பட்டன பாத்து போகும், நடுவுல வேகமெடுக்கும், கிட்ட வந்ததும் தயங்கும், சில சமயம் தாண்டிப் போயி திரும்பி வரும். ஸ்கிரிப்ட் சும்மா விட்டா கர்சர் ஒரே தாவா தாவுது, நகர நேரம் குடுத்தா ஒரே வேகத்துல நேர்கோடு போடுது, மணிக்கணக்கா ஓடியும் ஒரு கிளிக் இல்ல, ஒரு கீ தட்டல. சரி, வளைவா போக வச்சுட்டேன்னு சொன்னாலும், விண்டோஸ்ல சாஃப்ட்வேர் அனுப்புற மௌஸ் அசைவுக்கு இன்ஜெக்டட்னு, அதாவது கை அசைக்காம சாஃப்ட்வேர் புகுத்துனதுன்னு, தனி ஃபிளாக் (அடையாளம்) விழும், அத படிக்கிற மானிட்டரிங் டூல் எழுதுறது பெரிய வேலையே இல்ல. மௌஸ் மாதிரி தானா அசைவு அனுப்புற யுஎஸ்பி ஜிக்லர் வாங்கி சொருகுனா புது டிவைஸ்னு சிஸ்டம் பதிவுல நிக்கும். 2024ல வெல்ஸ் ஃபார்கோ பேங்க் கீபோர்டுல வேலை நடக்குற மாதிரி காட்டுனதுக்கு பன்னெண்டு பேருக்கு மேல வீட்டுக்கு அனுப்புச்சு.

எனக்கு அதவிட பெரிய கவலை, ஸ்க்ரீன் லாக்கே ஆகாது. காபி ஷாப்ல லேப்டாப்ப வச்சுட்டு எந்திரிச்சு போனா கிளையன்ட் டேட்டா அப்படியே திறந்து கெடக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நேச்சுரலா இருக்கட்டும்னு கிளிக்கையும் ராண்டமா சேத்து விட்டாரு, பாதி எழுதுன மெயில் சென்ட் ஆயிடுச்சு 😐 பைஆட்டோஜியுஐல கர்சர இடது மேல் மூலைக்கு இழுத்தா ஸ்கிரிப்ட் நின்னுடும், அவசரத்துக்கு நிறுத்துற அந்த ஃபெயில்சேஃப் தொல்லையா இருக்குன்னு ஃபால்ஸ்னு போட்டு அதையும் ஆஃப் பண்ணி வச்சிருந்தாரு.

நெசமாவே ராத்திரி பூரா சாஃப்ட்வேர் பில்டோ பெரிய ஃபைல் காப்பியோ ஓடணும்னா மௌஸ ஆட்டவே வேணாம், மைக்ரோசாஃப்ட்டோட பவர்டாய்ஸ்ங்குற டூல் தொகுப்புல அவேக்னு ஒன்னு இருக்கு, சிஸ்டம் தூங்காம பாத்துக்கும், நீங்க விண்டோஸ் கீயையும் L கீயையும் அமுக்கி லாக் பண்ணிட்டு போனாலும் வேலை பாட்டுக்கு ஓடும். ஆபீஸ் மெஷின்ல இன்ஸ்டால் பண்ண விடலன்னா உங்க ஐடி டீம்ல ஒரு டிக்கெட் போடுங்க, நாங்களே போட்டு தர்றோம்.