101-க்கு கூப்பிட்டா காசு கேப்பாங்களா? தீயணைப்புத் துறை பத்தி தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது

நிறைய பேருக்கு இன்னும் இந்த சந்தேகம் இருக்கு, ஃபயர் சர்வீஸ கூப்பிட்டா பில்லு போடுவாங்களோ, கேஸ் ஆகிடுமோன்னு. தீயை அணைக்கவும் ஆளைக் காப்பாத்தவும் வர்றதுக்கு ஒரு பைசா கிடையாது. ஷூட்டிங், விழான்னு முன்கூட்டியே வண்டிய கொண்டு வந்து நிறுத்தி வைக்கச் சொன்னா அதுக்குத்தான் கட்டணம்.

துறையோட முழுப் பேரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. அதனால தீ மட்டும் இல்ல, வீட்டுக்குள்ள பாம்பு, கெணத்துல விழுந்த மாடு, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க, மழைக்கு ரோட்டுல சாஞ்ச மரம், விரல் வீங்கி கழட்ட முடியாத மோதிரம், எல்லாத்துக்கும் இவங்கதான் வர்றாங்க. சென்னையானாலும் சின்ன ஊரானாலும் நம்பர் 101, அது கிடைக்கலன்னா 112.

போன் பண்ணும்போது பதட்டத்துல "சீக்கிரம் வாங்க சார்"னு சொல்லிட்டு கட் பண்ணிடாதீங்க, எந்த ஏரியா, எந்த தெரு, பக்கத்துல கோயிலா ஸ்கூலா என்ன அடையாளம், எரியறது என்ன, எத்தனாவது மாடி, உள்ள யாராச்சும் மாட்டியிருக்காங்களா, இவ்வளவும் சொல்லி அவங்க வைக்கச் சொன்னப்புறம் வைங்க. ஏன்னா பெட்ரோல், ஆயில்னா நுரை அடிக்கணும், உயரமான கட்டடம்னா ஸ்கைலிஃப்ட் (ஆள மேல தூக்கிட்டுப் போற வண்டி) வேணும், நீங்க சொல்றத வச்சுத்தான் வண்டிய அனுப்புவாங்க. அப்புறம் ஒருத்தர தெருமுனைல நிக்க வைங்க. சென்னை சௌகார்பேட்டை மாதிரி குறுகலான சந்துல ரெண்டு பக்கமும் பைக் நின்னா வண்டி உள்ள வரவே முடியாது, வெளிய நிறுத்திட்டு ஹோஸை இழுத்துட்டு ஓடி வரணும், அந்த நேரத்துல ஒரு ரூமே எரிஞ்சு போயிடும்.

அவங்க வர்ற வரைக்கும்: கடாய்ல எண்ணெய் பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, அடுப்ப அணைச்சுட்டு பெரிய மூடியப் போட்டு மூடிடுங்க. கேஸ் வாசனை வந்தா ரெகுலேட்டர மூடி ஜன்னல் கதவெல்லாம் திறங்க, லைட் ஃபேன் சுவிட்ச தொடாதீங்க, எரியற லைட்ட அணைக்கக்கூட தொட வேணாம். வெளிய வந்து 1906-க்கு பேசுங்க, அது கேஸ் லீக்குக்குன்னே இருக்கற நம்பர்.

அணைக்கறது ஒரு பாதி வேலைதான், வராம தடுக்கறது மறுபாதி. தமிழ்நாட்டுல 18.30 மீட்டருக்கு மேல போற கட்டடம்னா ஃபயர் என்ஓசி (தீயணைப்புத் துறை தர்ற தடையில்லாச் சான்று) வாங்கணும், பட்டாசுக் கடை போடவும் வேணும். இத வெறும் பேப்பர்னு நினைக்காதீங்க. 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளிக்கூடத்துல 94 குழந்தைங்க தீயில செத்துப் போனாங்க. சமையல் கூடத்துல பிடிச்ச தீ கூரைக்குத் தாவுச்சு, மாடில இருந்து இறங்க ஒரு குறுகலான படிக்கட்டு. அதனால படிக்கட்டு விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. உங்க அபார்ட்மெண்ட்ல மாடிப்படிக்கு கீழ பழைய சோஃபா, அட்டைப்பெட்டி, பைக்னு அடைச்சு வச்சிருக்காங்களா, இன்னைக்கே அசோசியேஷன்ல சொல்லி எடுக்க வைங்க, சண்டை வந்தாலும் பரவால்ல. மண்டபம், டியூஷன் சென்டர், ஆஸ்பத்திரி எங்க போனாலும் ரெண்டாவது வழி எங்க இருக்குன்னு கேளுங்க, அது பூட்டியிருந்தா ஏன்னும் கேளுங்க.

பள்ளிக்கூடம், ஆபீஸ், அபார்ட்மெண்ட் யாரு வேணும்னாலும் பக்கத்து ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து செயல்முறை விளக்கம் கேக்கலாம். வருஷா வருஷம் ஏப்ரல் 14-ல இருந்து 20 வரைக்கும் தீத்தொண்டு வாரம்னு அவங்களே வந்து காட்டுவாங்க. 1944-ல அதே ஏப்ரல் 14 பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சப்ப உயிர விட்ட தீயணைப்பு வீரர்கள் நினைவா வச்ச வாரம் அது.

கடை, வீடு எரிஞ்சு இன்சூரன்ஸ் கேக்கணும்னா தீ விபத்து அறிக்கை தேவைப்படும். வந்து அணைச்ச ஸ்டேஷன்லயே விசாரிச்சு விண்ணப்பம் குடுங்க, எரிஞ்ச இடத்த ஒதுங்க வைக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.