தொழில்நுட்பக் கடனா, கடன்பட்ட நிரலா?

மென்பொருள் நிறுவனம் ஒன்றின் காலாண்டுக் கூட்டத்துக்கு யாரோ தமிழில் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். "நமக்குத் தொழில்நுட்பக் கடன் கூடிவிட்டது" என்று அதில் ஒரு வரி. கணக்கு எழுதுபவர் படித்துவிட்டு, "இதை எப்போது வாங்கினோம்? பேரேட்டில் இல்லையே" என்றார். எல்லோரும் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால், அங்கே தமிழை ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வரி, 'டெக்னிக்கல் டெட்' (technical debt) என்ற ஆங்கிலத் தொடரின் நேர் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத் தொடரின் பொருளில் சிக்கல் எதுவும் இல்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஏதோ ஒரு வகையில் நிரலை, அதாவது கணினிக்கான கட்டளைகளை, எழுதி வெளியிட்டுவிடுகிறோம். அப்புறம் அதன்மேல் எதைச் சேர்க்கப் போனாலும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்த நேரம்தான் வட்டி. நிரலைத் திருத்தி எழுதினால் அசல் அடைகிறது. 1992-இல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் சொன்ன உவமை இது (படிப்பவர்களே திருத்தக்கூடிய இணையதளமான விக்கியை முதலில் உருவாக்கியவரும் இவர்தான்). அப்போது அவர் செய்துகொண்டிருந்தது முதலீட்டுக் கணக்குகளுக்கான மென்பொருள். பணத்தோடு புழங்குபவர்களிடம் கடன், வட்டி என்று பேசினால் சட்டென்று புரியும்.

இனி, 'தொழில்நுட்பக் கடன்' ஏன் உதவாது என்று பார்ப்போம். வீட்டுக் கடன், கல்விக் கடன், வாகனக் கடன். தமிழில் கடனுக்கு முன்னால் ஒரு பெயரை வைத்தால், அதற்காக வாங்கிய பணம் என்றுதான் காதில் விழும். அப்படியானால் தொழில்நுட்பக் கடன் என்பது கணினி வாங்க வங்கி தரும் பணம். போதாக்குறைக்கு, கடன் என்றால் கடமையும்தான். 'காலைக் கடன்' என்கிறோம். 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அப்பர் பாடியதும் அந்தப் பொருளில்தான். முன்னால் நிற்கும் 'தொழில்நுட்ப' என்ற அடையும் தவறு. அங்கே 'டெக்னிக்கல்' என்பது தொழில்நுட்பம் என்ற பெரிய உலகத்தைக் குறிக்கவில்லை, நிரலுக்குள் இருக்கும் நிலைமையைத்தான் சொல்கிறது. அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளருக்கு இதெல்லாம் கண்ணில் படாது. இரண்டு சொல்லுக்கு இரண்டு சொல் கிடைத்ததும் வேலை முடிந்துவிடும்.

'நிலுவை' என்று சிலர் சொல்லிப் பார்க்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் செய்யாமல் கிடக்கும் வேலைகளின் பட்டியலுக்கு அது வேண்டும். இங்கே வேலை செய்தாகிவிட்டது. செய்த விதம்தான் பிரச்சினை. எனக்குக் 'கைமாற்று' மேல் ஒரு ஆசை இருந்தது. அவசரத்துக்கு வாங்கி உடனே திருப்பித் தருவது என்பதால், கன்னிங்காம் சொன்னதற்கு மிக நெருங்கி வருகிறது. கைமாற்றுக்கு வட்டி கிடையாது என்பதால் கைவிட்டேன். வட்டி இல்லாவிட்டால் இந்த உவமையே இல்லை.

ஆங்கிலத்தில் 'லோன்' வேறு, 'டெட்' வேறு. தமிழில் அந்த வேறுபாட்டை வினைதான் காட்டும்: கடன் வாங்கினான், கடன்பட்டான். வழி அங்கேயே இருக்கிறது. 'கடன்பட்ட நிரல்' என்றால் பேரேட்டைத் தேட வேண்டியதில்லை. பட்டது நிரல் என்று சொல்லிலேயே தெரிகிறது. "அது நிரலைத்தானே குறிக்கிறது, கடனுக்குப் பெயர் எங்கே?" என்று கேட்பார்கள். 'நிரலின் கடன்' என்றால் முடிந்தது. "இந்தப் பகுதி கடன்பட்டுக் கிடக்கிறது, அடைக்க இரண்டு வாரம் வேண்டும்" என்று பேசிப் பாருங்கள், வாயில் இடறாது.

இன்னொரு வயிற்றெரிச்சல். மோசமாக எழுதிய எதற்கும் இப்போது இந்தப் பெயரை வைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். ஒழுங்கில்லாமல் எழுதுவதை என்றுமே தாம் ஆதரித்ததில்லை என்று கன்னிங்காமே 2009-இல் ஒரு காணொளியில் விளக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குப் புரிந்த அளவுக்கு நேர்த்தியாக எழுதி, மேலும் கற்றுக்கொண்டதும் திருத்துவதைத்தான் அவர் சொன்னார். சோதிக்காமல், பெயர்கூடச் சரியாக வைக்காமல், யாரும் படிக்க முடியாதபடி எழுதி வைத்ததற்குக் கடன் என்ற மரியாதை எதற்கு? மட்டமான நிரல் என்றே சொல்லலாம். அதற்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது.