சிஸ்டம் வாங்கும் முன் உங்கள் ஃபுட்டேஜைத் திறந்து பாருங்கள்

"அண்ணா, ஒன்றே முக்கால் லட்சம் போட்டிருக்கேன். பழைய சிஸ்டமே தேவலைன்னு இருக்கு."

கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் போனில் சொன்னது இது. மறுநாள் அவருடைய ஸ்டுடியோவுக்குப் போனேன். கண்ணாடிக் கேபினட், உள்ளே கலர் கலராக விளக்கு, கை நீளத்துக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. முகூர்த்தக் காட்சியை டைம்லைனில் ஓடவிட்டார். கெட்டிமேளச் சத்தம் தடையில்லாமல் வருகிறது. படம் மட்டும் நின்று நின்று தாவுகிறது. தாலியை எடுத்த கை அடுத்த நொடி கீழே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசஸர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்குள் 'வீடியோ டீகோட்' (சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலை) என்று ஒரு கட்டம் இருக்கும்; அது பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

கடையில் கொடுத்த கொட்டேஷனை வாங்கிப் பார்த்தேன். பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று ஓர் எழுத்து. சிக்கல் அங்கேதான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே தவறில் பணத்தை விடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவருடைய கேமரா எச்.265 என்ற சுருக்க முறையில், நிறத் தகவல் கூடுதலாக இருக்கும் 10 பிட் 4:2:2 என்ற தரத்தில் பதிவு செய்கிறது. எச்.265 ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒரு ஃபிரேமை முழுசாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கும். அதனால்தான் ஃபைல் சின்னதாக இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு ஃபிரேமைக் காட்டச் சொன்னால், அக்கம்பக்கத்து ஃபிரேம்களையெல்லாம் கணக்குப் போட்டால்தான் அது வரும். இந்தக் கணக்குக்கென்றே சிப்பில் தனிச் சுற்று உண்டு. அந்தச் சுற்றுக்கு உங்கள் கேமராவின் வகை தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் மொத்தப் பாரமும் பிராசஸர் தலையில் விழும்.

என்விடியா கார்டுகளில் 4:2:2 வகையைப் பிரிக்கும் வசதி 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. 40 வரிசையில் எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் அது கிடையாது. இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸோ, எச்.265-இன் 10 பிட் 4:2:2-ஐ 11-ஆம் தலைமுறையிலிருந்தே பிரித்துக் கொடுக்கிறது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளும் அப்படியே. 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸரில் அந்த உள் கிராஃபிக்ஸ் இருக்காது. விலை கொஞ்சம் குறையும். கேம் ஆடுகிறவருக்கு அது நல்ல பேரம்; எடிட்டருக்கு அப்படியில்லை.

அதே மதர்போர்டில், அதே வரிசையில், 'எஃப்' இல்லாத பிராசஸரை மாற்றினோம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) உள் கிராஃபிக்ஸை இயங்கவிட்டு, டிரைவர் போட்டு, எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியரின் செட்டிங்ஸில் இன்டெல் டீகோடிங்கை டிக் செய்தோம். அதே முகூர்த்தம், அதே டைம்லைன், இப்போது தட்டாமல் ஓடியது. பழைய பிராசஸரை விற்றதில் சில ஆயிரம் நஷ்டம், அவ்வளவுதான். (உங்கள் கேமரா 10 பிட் 4:2:2-ஐ எச்.264 என்ற பழைய முறையில் எழுதுகிறது என்றால் இந்த வழி உதவாது. கேமரா மெனுவில் எச்.265-க்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.)

இது எடிட்டிங் கதை. கம்பாசிட்டிங் (பல படங்களை ஒரே ஷாட்டுக்குள் அடுக்கிச் சேர்ப்பது) வேறு மாதிரி வேலை. ஆனால் கடையில் போய் "எடிட்டிங் சிஸ்டம்" என்று கேட்டால் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள்.

கம்பாசிட்டிங்கில் ஒரே ஷாட்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம். கீ எடுப்பது (பச்சைத் திரையை நீக்குவது), ரோட்டோ போடுவது (உருவத்தைச் சுற்றி வரைந்து பிரிப்பது), வயர் அழிப்பது, மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பது. இந்த வேலைக்கான சாஃப்ட்வேர் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், அப்படி ஓட்டிக் காட்டும் ஃபிரேம்களை வழக்கமாக எந்தச் சுருக்கமும் இல்லாமல் ராமில் வைத்துக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே ஃபிரேம் என்பது 3840 பெருக்கல் 2160, ஏறத்தாழ 83 லட்சம் பிக்ஸல். ஒவ்வொரு பிக்ஸலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என நான்கு சேனல். 8 பிட்டில் ஒரு ஃபிரேம் 33 எம்பி. 16 பிட்டில் 66 எம்பி. 32 பிட்டில் 132 எம்பியைத் தாண்டும். பத்து விநாடி ஷாட் என்றால் 240 ஃபிரேம். 16 பிட்டிலேயே 16 ஜிபி போய்விட்டது. 16 ஜிபி ராம் வைத்துக்கொண்டு "ஏன் அண்ணா பாதியில நின்னுடுது" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

இன்னொன்று. 2021 அக்டோபர் முதல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் ரெண்டர் செய்கிறது, அதாவது கணக்கிட்டுப் படமாக்குகிறது. கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) அதிகமானால் வேகம் கூடும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் தனக்கென்று ராம் கேட்கும். அதிகக் கோர் உள்ள பிராசஸரை வாங்கி ராமில் கஞ்சத்தனம் பிடித்தால், கோர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். வெட்டி ஒட்டும் வேலைக்கு 32 ஜிபி தாங்கும். கம்பாசிட்டிங் என்றால் 64-க்குக் குறைய வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது, தெரியும். அப்படியும் கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கி ராமை எடுங்கள் என்றே சொல்வேன். நான்கு 16-க்குப் பதில் இரண்டு 32 வாங்குங்கள். டிடிஆர்5 வகை ராமில் நான்கு குச்சி செருகினால் பெரும்பாலும் வேகம் இறங்கிவிடும். பின்னால் சேர்த்துக்கொள்ள இடமும் இருக்காது.

நியூக் என்ற கம்பாசிட்டிங் சாஃப்ட்வேர் பழகுகிறவர்களுக்கு: அதில் பெரும்பாலான நோடுகள் (ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம்) பிராசஸரில்தான் ஓடுகின்றன. கார்டு உதவும் இடங்கள் குறைவு. அங்கே முதலில் மூச்சு முட்டுவது டிஸ்க். சுருக்கமில்லாத 4கே இஎக்ஸ்ஆர் (ஃபிரேமுக்கு ஒரு படமாகச் சேமிக்கும் ஃபைல் வகை), 16 பிட் அரை ஃப்ளோட்டில், மூன்று சேனலுக்கே ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 50 எம்பி வரும். விநாடிக்கு 24 என்றால் ஏறத்தாழ 1.2 ஜிபி. சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பிதான் தரும். அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வேண்டும், அதுவும் விண்டோஸ் இருக்கும் டிரைவ் தவிர கேஷுக்கென்று (தற்காலிக ஃபைல்களுக்கு) தனியாக ஒன்று. கியூஎல்சி என்ற மலிவான வகை எஸ்எஸ்டி டிரைவ்களில் ஜாக்கிரதை. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் முதலில் எழுதும் ஒரு பகுதி வரைதான். பெரிய ஷூட்டை மொத்தமாகக் காப்பி செய்தால் பாதியில் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கும் கீழே இறங்கிவிடலாம்.

டாவின்சி சாஃப்ட்வேரில் கலர், நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைப்பது), அதன் கம்பாசிட்டிங் பகுதியான ஃபியூஷன் என்று போகிறவருக்குத்தான் கிராஃபிக்ஸ் கார்டில் பணம் போட்டது வீணாகாது. அங்கேயும் மாடல் நம்பரைவிட விராம் (கார்டுக்குள் இருக்கும் மெமரி) அளவைப் பாருங்கள். 4கே டைம்லைனில் டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் (அக்கம்பக்கத்து ஃபிரேம்களை ஒப்பிட்டுச் செய்வது) போட்டதும் 8 ஜிபி கார்டு "ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது" என்று கைவிரிக்கும். 12-க்குக் குறையாமல், முடிந்தால் 16.

யாரும் கேட்காத ஒன்று யுபிஎஸ். பழைய 600 விஏ பெட்டியையே புது சிஸ்டத்துக்கும் மாட்டுகிறோம். அது தாங்குவது ஏறத்தாழ 360 வாட். ரெண்டர் ஓடும்போது பெரிய கார்டு உள்ள சிஸ்டம் 500 வாட்டைத் தாண்டும். கரண்ட் போன அந்த நொடியில் 'கீய்ங்' என்று கத்திவிட்டு யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும். ஆறு மணி நேர ரெண்டர் அப்படிப் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய் நின்றான். அடுத்த நாள் காலை டெலிவரி. எனவே கொட்டேஷன் போடும்போதே யுபிஎஸ்ஸுக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: யாரோ பயன்படுத்திய கிராஃபிக்ஸ் கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்றால், அது 2022 வரை கிரிப்டோ மைனிங்கில் (டிஜிட்டல் நாணயம் ஈட்டும் கணக்கு வேலை) இரவு பகலாக ஓடியதா என்று விசாரியுங்கள்.

புது சிஸ்டமே தேவைப்படாதவர்களும் உண்டு. ஃபுல் எச்டியில் டெலிவரி கொடுக்கிறவர் இரவு தூங்கப் போகும் முன் பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் இலகுவான நகல்) போட்டுவிட்டால், ஐந்து வருடப் பழைய சிஸ்டத்திலேயே நிம்மதியாக வெட்டலாம். ஒரு டிரைவ் வாங்கும் காசில் முடிகிற காரியம். இஎம்ஐ போடுவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்.

அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் கேமராவிலிருந்து நேராக எடுத்த நான்கு கிளிப், உங்களுடைய கனமான ஒரு புராஜெக்ட், இரண்டையும் ஒரு எஸ்எஸ்டியில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னை ரிச்சி தெருவில் நல்ல கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் டெமோ சிஸ்டத்தில் ஓட்டிக் காட்டத் தயங்க மாட்டார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு பக்கம் டைம்லைனையும் இன்னொரு பக்கம் டாஸ்க் மேனேஜரையும் திறந்து வைத்துப் பாருங்கள். அந்தத் தம்பி போன மாதம் தன் நண்பனுக்குச் சிஸ்டம் வாங்கப் போனபோது அப்படித்தான் செய்தார். கடையிலிருந்தே எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். 'வீடியோ டீகோட்' கட்டம் 38 சதவீதத்தில் இருந்தது. கீழே ஒரே வரி: "எஃப் இல்லண்ணா, பார்த்துட்டேன்."