தண்ணீரை உறிஞ்சும் இயந்திரத்தைத் தண்ணீரில் நிறுத்தாதீர்கள்

இந்த மழைக்காலத்தில் என் பட்டறைக்கு வந்த, காய்ந்த தூசியையும் தண்ணீரையும் உறிஞ்சும் ஆறாவது வெட் அண்ட் டிரை வேக்கம் கிளீனர் அது. முதல் ஐந்தும் மோட்டார் எரிந்து வந்தவை. அவற்றின் உரிமையாளர்களுக்குப் பண நட்டத்தோடு போயிற்று. ஆறாவது இயந்திரத்துக்கு உரியவர், சென்னையின் தெற்கே தாழ்வான ஒரு பகுதியில் தரைத்தள வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்கு நின்ற மழைநீரை இறைக்க, அந்த நீரிலேயே இயந்திரத்தை நிறுத்தி ஓட்டியிருக்கிறார். நிறைந்துவிட்ட டிரம்மைத் திறப்பதற்காக அதன் எஃகுக் கொக்கியைத் தொட்டவுடன் கை உதறி, பின்னால் இருந்த கட்டிலில் போய் விழுந்திருக்கிறார். கட்டில் இல்லாமல் தண்ணீரில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. “தண்ணியில வேலை செய்யுற மெஷின்தானே தம்பி, கடையில அப்படிச் சொல்லித்தானே குடுத்தாங்க?” என்று அவர் கேட்டார்.

பதினெட்டு ஆண்டுகளாக வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்க்கிறேன். இந்தக் கேள்வியை வெவ்வேறு குரல்களில் பல முறை கேட்டிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஊரை மூழ்கடித்துச் சென்ற பிறகும், பட்டறை வாசலில் வரிசையாக நின்ற இயந்திரங்களுக்குப் பின்னால் இதே நம்பிக்கைதான் இருந்தது. அதனால் இதைப் பொறுமையாகவே விளக்கிவிடுகிறேன்.

பெயரில் உள்ள ‘வெட்’ என்ற சொல், அடியில் இருக்கும் டிரம்மையும் அதில் வந்து சேரும் குழாயையும் மட்டுமே குறிக்கிறது. மேலே இருக்கும் மோட்டாரை அது குறிக்கவில்லை. சுவிட்சையோ வயரையோ பிளக்கையோ குறிக்கவில்லை. நீங்கள் நிற்கும் தரையையும் நிச்சயமாகக் குறிக்கவில்லை. குழாய் வழியே தண்ணீரும் காற்றும் சேர்ந்து டிரம்முக்குள் வரும்போது வேகம் தணிந்து, கனமான தண்ணீர் அடியில் விழுகிறது. காற்று மட்டும் மேலேறி வெளியே போகிறது. சாதாரண வேக்கம் கிளீனரில் அந்தக் காற்றேதான் மோட்டாரின் மேல் பாய்ந்து அதைக் குளிர்விக்கும் என்பதால், அதில் ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சினாலும் மோட்டார் போய்விடும். வெட் அண்ட் டிரை வகையில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்கென்று தனி வழி விட்டிருக்கிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான். மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்றும், அதோடு இணைந்து சுழலும் செம்புப் பட்டைகளின்மேல் உரசிப் பொறி பறக்கவிடும் கார்பன் பிரஷ்ஷும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. டிரம்மில் தேங்கும் தண்ணீருக்கும் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் இடையில் இருப்பது ஒரு சாண் இடைவெளியும் ஒரு பிளாஸ்டிக் மிதவையும் மட்டுமே.

அந்த மிதவையை எல்லாம் வல்லதாக நினைப்பவர்களும் உண்டு. தண்ணீர் உயர்ந்ததும் மிதவை மேலெழும்பிக் காற்றுவழியை அடைத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் இயந்திரம் நிமிர்ந்து நிற்கும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். சாய்ந்தாலோ கவிழ்ந்தாலோ தண்ணீர் அதைத் தாண்டி மோட்டாருக்குப் போய்விடும். மிதவைக்கூட்டில் தலைமுடி சிக்கியிருந்தாலும் அது எழும்பாது. மிதவை அடைத்துக்கொண்டதும் மோட்டாரின் சத்தம் திடீரென்று கீச்சென உயரும். மோட்டார் இன்னும் பலமாக இழுக்கிறது என்று எண்ணிப் பலர் தொடர்ந்து ஓட்டுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்ட நொடியே நிறுத்த வேண்டும்.

நுரை இன்னும் மோசம். மிதவையைத் தூக்கத் தண்ணீரின் கனம் வேண்டும். நுரைக்கு அந்தக் கனம் இல்லாததால், மிதவை கீழேயே கிடக்க, நுரை அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவிடுகிறது. சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் ஷாம்பு போட்டு உறிஞ்சுகிறவர்களின் இயந்திரங்கள் சீக்கிரம் பழுதாவது இதனால்தான். ஆசிரியையின் வீட்டிலும், நாற்றம் போகட்டும் என்று துணி சோப்புத் தூளைத் தண்ணீரில் தூவியிருக்கிறார்கள். அந்த மோட்டாரைப் பிரித்தபோது செம்புச் சுற்றின்மேல் சோப்பு காய்ந்து வெண்மையாகப் படிந்திருந்தது. பிரஷ்கள் செருகியிருந்த பள்ளங்களில் கறுப்புக் குழம்பு தேங்கியிருந்தது. மூடியின் விளிம்பிலிருந்து எஃகு டிரம்மின் மேல் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் வழிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. மின்சாரம் அந்தத் தடத்தின் வழியேதான் கொக்கிக்கு இறங்கியிருக்கிறது.

அப்படி இறங்கிய மின்சாரத்தை எர்த் கம்பி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று பின் பிளக்கை இரண்டு துளை எக்ஸ்டென்ஷனில் செருகுவதற்காக நடுவே ஓர் அடாப்டர் போட்டிருந்தார்கள்; எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. நம் ஊர் பிளக்கில் எர்த் பின்னை மற்ற இரண்டையும்விட நீளமாக வைத்திருப்பது, செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விலகவேண்டும் என்பதற்காகவே. உயிரைக் காக்கும் அந்தப் பின்னை வெட்டி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சில இயந்திரங்கள் இரண்டு பின்னோடுதான் வருகின்றன. அவற்றின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருக்கும். இரட்டைக் காப்பு என்று பொருள். மோட்டாருக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் அந்தக் காப்பையும் நம்பி நிற்க முடியாது.

எர்த் இல்லாதபோதும் காப்பாற்றக்கூடியது ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். ‘எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே’ என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது மின்னோட்டம் அந்த அளவைத் தாண்டினால்தான் விழும் சுவிட்ச்; வயரைக் காக்கத்தான் இருக்கிறது. மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்கவோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆசிரியையின் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கவே செய்தது. மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதென்றால் வீட்டில் எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று பொருள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் தொழில்; சொல்லுகிற கருவியின் வாயைக் கட்டுவது தொழில் அல்ல. என் தொழிலைச் செய்கிறவர்களுக்கு இதை மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்.

வெள்ளநீரை இறைக்க இந்த இயந்திரம் போதாது என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஓர் அங்குலத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 236 லிட்டர். 20 லிட்டர் என்று அச்சிட்ட டிரம்மில் மிதவை முன்னதாகவே அடைத்துக்கொள்ளும்; ஒரு தடவைக்கு 12 முதல் 15 லிட்டர் சேரும் என்று வைத்தால், ஓர் அங்குலத்துக்கே 16 முதல் 20 தடவை டிரம்மைத் தூக்கிக் கொட்டவேண்டும். நான்கு அங்குலம் என்றால் அறுபது முதல் எண்பது தடவை. ஒவ்வொரு தடவையும் ஈரக்கையோடு மூடியைத் திறந்து மூடுகிறீர்கள். வாளியும் முறமும் வைப்பரும் கொண்டு பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு, தரையில் படலமாக மிஞ்சும் ஈரத்துக்கும் நனைந்த மெத்தைக்கும் இதைப் பயன்படுத்துங்கள். அப்போதும் இயந்திரம் காய்ந்த இடத்தில், வாசற்படியிலோ அடுத்த அறையிலோ நிற்கட்டும். தண்ணீருக்குள் போகவேண்டியது குழாயின் வாய் மட்டுமே.

வெள்ளம் புகுந்த வீட்டில் எந்த மின்சாதனத்தையும் இயக்குவதற்கு முன், மூழ்கியிருந்த சாக்கெட்டுகளை எலக்ட்ரீஷியன் திறந்து, காயவைத்து, சோதித்திருக்க வேண்டும். மெயினை நிறுத்தினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில், தெருவில் மின்சாரம் இல்லாதபோதும் சில சாக்கெட்டுகளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் அணைக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். ஸ்டூலின் மேலும் வைக்காதீர்கள், வயரை இழுத்தால் அது தண்ணீரில்தான் விழும். 1,400 வாட் இயந்திரம் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கிறது. மெல்லிய வயர் போட்ட மலிவான பாக்ஸ் அதைத் தாங்காமல் சூடாகி இளகும். சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். வயர் எட்டவில்லை என்றால் அந்த இடத்தில் மாப் போடுங்கள். டிரம்மைத் திறப்பதற்கு முன் சுவிட்சை அணைத்து, கையைத் துடைத்து, பிளக்கைக் கழற்றுங்கள், ஒவ்வொரு தடவையும். லேசாகச் சுரீரென்றாலும் அன்றே நிறுத்திவிடுங்கள். ‘செருப்புப் போட்டால் அடிக்காது’ என்ற பேச்சே வேண்டாம். தரைத்தொட்டியைக் கழுவ சம்புக்குள் இதை இறக்கவே இறக்காதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாலாபுறமும் ஈரச் சுவர் இருக்கும் குழிக்குள் ஷாக் அடித்தால், விலகி விழக்கூட இடம் இருக்காது.

தண்ணீரை உறிஞ்சும் என்பதால் எல்லாத் திரவத்தையும் உறிஞ்சும் என்றும் நினைக்கிறார்கள். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய், சானிடைசர் எதுவும் கூடாது. அவற்றின் ஆவியும் பிரஷ் பொறியும் சந்தித்தால் தீப்பிடிக்கும். ஹோமகுண்டத்துச் சாம்பல் ஆறிவிட்டதுபோலத் தெரிந்தாலும் உள்ளே கங்கு இருக்கும், அதையும் உறிஞ்சக்கூடாது. உடைந்த டியூப் லைட்டின் தூளில் பாதரசம் இருக்கிறது. வேக்கம் கிளீனர் அதை அறை முழுவதும் பரப்பிவிடும். சிமெண்ட், பட்டி வேலை நடந்த வீட்டில் தூளை உறிஞ்சிவிட்டு, அதே டிரம்மில் தண்ணீரையும் உறிஞ்சினால் அது உள்ளேயே இறுகிவிடும். உளியால் தட்டி எடுத்திருக்கிறேன்.

காய்ந்த தூசிக்குத் துணி அல்லது காகித ஃபில்டர், தண்ணீருக்கு ஸ்பாஞ்ச். மாற்ற மறந்தால் காகிதம் கிழிந்து கூழாகும். வேலை முடிந்ததும் டிரம்மைக் கழுவி, குழாய் காய்வதற்காக இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓட்டி, மிதவைக்கூட்டில் சிக்கிய முடியை எடுத்து, மூடியைத் திறந்தபடி ஒரு நாள் வையுங்கள். தவறிக் கவிழ்ந்துவிட்டால் இயந்திரத்தைத் தொடாமல் முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். சுவிட்சுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர் என்றால் மெயினை அணையுங்கள். பிறகு ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்க்காமல் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

ஆசிரியையின் இயந்திரத்துக்கு வேறு மோட்டார் மாற்றி, சோதித்து, மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. அவர் வீட்டு ஆர்.சி.சி.பி. இணைப்பைச் சரிசெய்ய நாளை போகிறேன். டெஸ்ட் பொத்தானை அவர் கையாலேயே அழுத்தவைத்து, அது விழுவதைக் காட்டிய பிறகு கொடுப்பேன்.